கேரல் முதல் குருத்தோலை பவனி வரை: தெருவில் பாடி வழிபடுவதை யார் தடுக்கலாம்? சட்டம் சொல்வது என்ன?

2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. டெல்லி கத்தோலிக்க உயர் மறைமாவட்டம் ஆண்டுதோறும் நடத்தும் சிலுவைப்பாதை பவனி அன்று நடக்கவில்லை. பழைய டெல்லியில் உள்ள புனித மரியா ஆலயத்தில் தொடங்கி, பாடிக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் நடந்து, திரு இருதய பேராலயத்தில் முடிகிற பவனி அது. டெல்லி போலீஸ் அனுமதி தரவில்லை. சொன்ன காரணம் இரண்டு: சட்டம் ஒழுங்கு, போக்குவரத்து. வழிபாடு பேராலய வளாகத்துக்குள்ளேயே முடிந்தது.

கேரள முதல்வர் பினராயி விஜயன் கண்டனம் தெரிவித்தார். இன்னொரு பக்கம், "சர்ச்சுக்குள்ளதான் பாடியாச்சே, அப்புறம் என்ன பிரச்சனை?" என்ற கேள்வியும் வந்தது.

கேள்வி நியாயமானதுதான். உள்ளே பாடினாலும் வெளியே பாடினாலும் பாட்டு அதே பாட்டுதானே? ஆனால் பவனிக்கு வருகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல. போலீஸுக்கும் ஒன்றல்ல. அதனால்தான் உள்ளே பாட யாரும் அனுமதி கேட்பதில்லை, வெளியே பாட மனு எழுத வேண்டியிருக்கிறது.

தெருவில் பாடும் உரிமை இந்தியாவில் இருக்கிறதா, அதற்கு எல்லை எங்கே, "எதிர்ப்பு வரும்" என்று சொல்லி ஒரு பாட்டை நிறுத்த முடியுமா? பார்க்கலாம்.

ஏன் தெருவுக்கு வர வேண்டும்?

கிறிஸ்தவத்தில் "சாட்சி" என்பது முக்கியமான சொல். கண்டதை, அனுபவித்ததைப் பிறர் முன் சொல்வதுதான் சாட்சி. வாதம் செய்து ஜெயிப்பது அதன் வேலை அல்ல. பாட்டு இதற்கு வசதியான வடிவம். பாடுபவர் பாடுவது கடவுளை நோக்கி. ஆனால் வழியில் போகிறவர் காதிலும் அது விழுகிறது. பிரசங்கி நேராக ஆளைப் பார்த்துப் பேசுவார். பாட்டு அப்படி யாரையும் பிடித்து நிறுத்துவதில்லை. பிடித்தால் நிற்கலாம், இல்லையென்றால் நடையைக் கட்டலாம்.

பைபிளில் இதற்கு அடிக்கடி காட்டப்படும் இடம், பிலிப்பி நகரச் சிறை. பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடுகிறார்கள், மற்ற கைதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரம். ஆனால் மத்தேயு 6-ம் அதிகாரத்தில் இயேசுவே, மனிதர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தெருமுனையில் நின்று ஜெபிப்பவர்களைக் கண்டிக்கிறார்; கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொல்கிறார். ஆக, இது வெளியாட்கள் மட்டும் கிளப்பும் சர்ச்சை அல்ல. சபைக்குள்ளேயே, "நாம பாடுறது கடவுளுக்கா, ஊருக்குக் காட்டவா?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் மேல்நாட்டிலிருந்து அப்படியே இறங்கியது என்று நினைத்தால் பாதிதான் சரி. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னர் காலத்துக் கவிஞர். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸிடம் படித்தவர். ஆனால் அவர் எழுதியது ஐரோப்பிய ஞானப்பாட்டு மெட்டில் அல்ல. குறவஞ்சி, கீர்த்தனை, கதாகாலட்சேபம் என்று ஊருக்குப் பழக்கமான வடிவங்களில்தான். 'பெத்லகேம் குறவஞ்சி' அவர் எழுதியதே. அவர் பாட்டுகளை இன்றும் தென்னிந்திய திருச்சபை, லுத்தரன் சபைகளில் பாடுகிறார்கள்.

அதனால்தான் இங்கே பல விஷயங்கள் யாருக்கும் வித்தியாசமாகப் படுவதில்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டி வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி, பாடிக்கொண்டே பாதயாத்திரை போகிறவர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்க்கிற யாரும் "இது என்ன புதுசா?" என்று கேட்பதில்லை. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதியில் பஜனை கோஷ்டி பாடிப் போகும் அதே மாதத்தில், அதே சென்னையின் இன்னொரு தெருவில் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு கேரல் ரவுண்ட்ஸ் வருகிறது. பாடிக்கொண்டு தெருவில் நடப்பது இந்த ஊரின் பொதுச்சொத்து. ஒரு மதத்தின் தனிச்சொத்து அல்ல.

1882: மூன்று ஊர், ஒரே கேள்வி

சட்டத்தின் கதை இங்கே ஆரம்பிக்கிறது. தற்செயல்தான், ஆனால் மூன்று முக்கியமான விஷயங்கள் ஒரே ஆண்டில் நடந்தன.

முதல் ஊர் இங்கிலாந்தில் உள்ள வெஸ்டன்-சூப்பர்-மேர். இரட்சணிய சேனை, அதாவது சால்வேஷன் ஆர்மி, அங்கே பேண்டு வாத்தியத்தோடு பாடி ஊர்வலம் போனது. அவர்களை எதிர்க்கவே 'ஸ்கெலிட்டன் ஆர்மி' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஊர்வலம் போனால் அடிதடி நிச்சயம். மாஜிஸ்திரேட்டுகள் என்ன செய்தார்கள்? அடிக்க வந்தவர்களை விட்டுவிட்டு, பாடப் போனவர்கள் மீது அமைதியைக் காக்கும் உத்தரவைப் போட்டார்கள். வழக்கு லண்டனுக்குப் போனது. 'பீட்டி எதிர் கில்பேங்க்ஸ்' என்ற அந்த வழக்கில் நீதிபதிகள் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தார்கள். சட்டப்படியான ஒரு காரியத்தைச் செய்கிறவரை, அதைப் பார்த்து இன்னொருவர் சட்டத்தை மீறுவார் என்ற காரணத்துக்காகத் தண்டிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். இன்றும் உலகம் முழுக்க சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் வழக்கு இது.

இரண்டாவது ஊர் பம்பாய். அதே 1882 செப்டம்பரில், இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து வேலையை உதறிய பிரடெரிக் டக்கர் என்பவர் தலைமையில் இரட்சணிய சேனையின் நால்வர் குழு கப்பலில் வந்து இறங்கியது. டக்கர் 'பக்கீர் சிங்' என்று பெயரை மாற்றிக்கொண்டவர். குழுவினர் இந்திய உடையில், பாடிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்தது. கிறிஸ்தவ அரசு என்று சொல்லிக்கொண்ட அரசு, கிறிஸ்தவப் பாட்டுக்காகக் கிறிஸ்தவர்களைக் கைது செய்தது! சொன்ன காரணம், மதக் கலவரம் வந்துவிடும் என்ற பயம். அவர்களுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர்களில் பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென்னும் ஒருவர். அதே இரட்சணிய சேனைதான் பின்னர் நாகர்கோவிலில் கேத்தரின் பூத் மருத்துவமனையை நடத்தியது.

மூன்றாவது ஊர் சென்னை. 'பார்த்தசாரதி அய்யங்கார் எதிர் சின்னகிருஷ்ண அய்யங்கார்' வழக்கு. பெயரைப் பார்த்தாலே தெரியும், கிறிஸ்தவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் அதில் சொன்ன விதி எல்லோருக்கும் பொதுவானது: எந்தப் பிரிவினரும் பொதுத் தெருவில் மத ஊர்வலம் போகலாம். பொதுமக்கள் தெருவைப் பயன்படுத்துவதற்கு இடைஞ்சல் கூடாது. நெரிசலையும் கலவரத்தையும் தடுக்க அதிகாரிகள் சட்டப்படி போடும் உத்தரவுகளுக்குக் கட்டுப்பட வேண்டும். 1924-ல் பிரிட்டிஷ் காலத்தின் உச்ச அமைப்பான பிரிவி கவுன்சில், ஷியா முஸ்லிம்களின் முஹர்ரம் ஊர்வலம் தொடர்பான வழக்கிலும் இதே நிலைப்பாட்டைத்தான் எடுத்தது.

வைணவர் வழக்கில் பிறந்த விதி, முஸ்லிம் வழக்கில் உறுதியானது. இன்று கேரல் குழுவுக்கும் பவனிக்கும் துணை நிற்பது அதுதான்.

பெரம்பலூர் தீர்ப்பு: எதிர்ப்பு வந்தால் தடையா?

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. 2021 மே மாதம் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கோயில் சாமி ஊர்வலம் சில தெருக்கள் வழியாகப் போவதற்கு அந்தப் பகுதி முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீதிபதிகள் என்.கிருபாகரன், பி.வேல்முருகன் அமர்வு, ஒரு பகுதியில் ஒரு மதத்தினர் அதிகம் இருக்கிறார்கள் என்பதற்காக இன்னொரு மதத்தினரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று கூறியது. இப்படியே ஒவ்வொரு தரப்பும் எதிர்க்க ஆரம்பித்தால் யாரும் எங்கேயும் ஊர்வலம் போக முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் தர்க்கம்.

அந்தத் தீர்ப்பு வந்தபோது அதை ஒரு தரப்பின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் உண்டு. ஆனால் அதே தர்க்கம் இந்துக்கள் அதிகம் வாழும் தெருவில் வரும் கேரல் குழுவுக்கும் பொருந்தும், கிறிஸ்தவர்கள் அதிகம் வாழும் மீனவர் கிராமத்தில் வரும் விநாயகர் ஊர்வலத்துக்கும் பொருந்தும். ஒரு மதத்துக்கு மட்டும் வேலை செய்தால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, சலுகை.

இப்போது டெல்லிக்குத் திரும்பினால் கேள்வி தெளிவாகிறது. போக்குவரத்துக்காக பாதையை மாற்றச் சொல்லலாம், நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம், ஒரு ஓரமாகப் போகச் சொல்லலாம். இவை எல்லாம் ஒழுங்குபடுத்துதல். ஆண்டுதோறும் நடக்கிற ஒன்றை மொத்தமாக நிறுத்துவது வேறு வகை. அதற்குப் பொதுவான இரண்டு வார்த்தைக் காரணம் போதுமா என்பதுதான் விவாதத்தின் மையம். பாதுகாப்பு அச்சுறுத்தல் நிஜமாகவே இருந்தால், அதைச் சமாளிக்கும் பொறுப்பு முதலில் போலீஸுடையது, பாடுபவர்களுடையது அல்ல.

சரி, கேட்க விரும்பாதவருக்கு உரிமை இல்லையா?

இருக்கிறது. இதைச் சொன்னதும் சென்னையிலிருந்து போன வழக்குதான்.

மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகோஸ்தே ஜெபக்கூடம். டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி என்று ஆராதனை நடக்கும். பக்கத்து குடியிருப்போர் நலச்சங்கம் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்தது. சபையின் வாதம்: "சிறுபான்மை மதத்தினரின் வழிபாட்டைத் தடுக்கவே இந்தப் புகார். அந்தச் சாலையில் ஓடும் வாகனச் சத்தமே அதிகம்." வாகனச் சத்தம் விஷயத்தில் அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது, அதிகாரிகளின் ஆய்விலும் அது பதிவானது.

ஆனாலும் 2000 ஆகஸ்ட் 30-ல் உச்ச நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்றோ, ஒலிபெருக்கி வைத்துத்தான் கும்பிட வேண்டும் என்றோ எந்த மதமும் சொல்லவில்லை என்பது தீர்ப்பின் நிலை. குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள், படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கும் உரிமை உண்டு என்றது. கோயில், மசூதி, சர்ச் எதுவானாலும் ஒலி மாசு விதி பொது.

கிறிஸ்தவர்கள் பலருக்கு இந்தத் தீர்ப்பு கசந்தது. ஆனால் சாட்சி என்ற கோணத்திலேயே யோசித்தால், நீதிமன்றம் அவர்களுக்குக் கெடுதல் செய்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மேலே சொன்னதுபோல, தெருப்பாட்டின் பலமே கேட்பவர் நகர்ந்து போக முடியும் என்பதுதான். வீட்டுக்குள் படுத்திருக்கும் நோயாளியால் எங்கே நகர முடியும்? ஜன்னலை மூடினாலும் உள்ளே வருகிற ஒலிபெருக்கிச் சத்தம், அவருக்குக் கேட்பதா வேண்டாமா என்ற முடிவையே விட்டுவைப்பதில்லை. வெறும் குரலுக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ள வித்தியாசம் டெசிபலில் மட்டும் இல்லை.

"பாட்டுப் பாடி மதம் மாத்துறாங்க"

கேரல் குழுவைத் தடுக்கும்போது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு இது. அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு.

'பரப்புதல்' என்றால் என்ன? 1977 ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. தன் மதக் கருத்துகளை எடுத்துச் சொல்லலாம், விளக்கலாம். இன்னொருவரை மதம் மாற்றுவது அதில் அடங்கிய உரிமை அல்ல. இந்தத் தீர்ப்பைச் சட்ட அறிஞர்கள் பலர் விமர்சித்திருக்கிறார்கள். இருந்தாலும் அதன்படியே பார்த்தாலும், பாடுவது எடுத்துச் சொல்வதில்தான் வரும். பல மாநிலங்களில் உள்ள மதமாற்றத் தடைச் சட்டங்கள் தடுப்பதும் கட்டாயம், மோசடி, ஆசை காட்டுதல் ஆகியவற்றையே. ஒரு பாட்டைக் கேட்டது எப்படிக் கட்டாயமாகும் என்பதற்குச் சட்டப்படி பதில் சொல்வது கஷ்டம். தமிழ்நாட்டில் 2002-ல் ஜெயலலிதா அரசு இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசே திரும்பப் பெற்றது.

ஹாங்காங்: பாட்டே கேடயமானபோது

தெருப்பாட்டு எப்போதும் மதத்தோடு நின்றுவிடுவதில்லை. 2019-ல் ஹாங்காங்கில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம்.

குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனாவுக்கு அனுப்ப வழிசெய்யும் மசோதாவுக்கு எதிராக ஜூன் 9-ம் தேதி பிரமாண்டப் பேரணி நடந்தது. ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 10 லட்சத்துக்கும் மேல். போலீஸ் கணக்கில் 2,40,000. ஜூன் 12-ம் தேதி மசோதா சட்டமன்றத்துக்கு வரவிருந்தது. 11-ம் தேதி இரவு சட்டமன்ற வளாகத்துக்கு வெளியே கிறிஸ்தவர்கள் ஜெபக்கூட்டம் என்று கூடினார்கள். லிண்டா ஸ்டாசன் என்ற அமெரிக்கப் பெண் 1974-ல் எழுதிய ஒரு சின்ன அல்லேலூயா பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். விடிய விடிய.

ஏன் பாட்டு? காரணம் சட்டத்தில் இருந்தது. ஹாங்காங்கின் பொது ஒழுங்குச் சட்டப்படி 50 பேருக்கு மேல் கூடும் பொதுக்கூட்டத்துக்குப் போலீஸிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் மத நோக்கத்துக்காக மட்டும் கூடினால் அந்த விதி பொருந்தாது. ஆக, கோஷம் போட்டால் அனுமதி இல்லாத கூட்டம், பாடினால் ஜெபக்கூட்டம்! இரண்டு காரியமும் ஒன்றாக நடந்தது. போலீஸ் வரிசைக்கு எதிரே நின்று பாடியதில் பதற்றமும் குறைந்தது.

பாட்டின் அமைப்பும் உதவியது. சில வரிகள்தான். மெட்டு சோகமானது, மெதுவானது. ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும். ஹாங்காங் மக்களில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 10-ல் ஒருவர்தான். ஆனால் சில நாட்களிலேயே சர்ச் வாசலை மிதிக்காத இளைஞர்களும் சேர்ந்து பாடினார்கள். 12-ம் தேதி கண்ணீர்ப் புகையும் ரப்பர் குண்டும் பறந்தன. 15-ம் தேதி நிர்வாகத் தலைவர் கேரி லாம் மசோதாவை நிறுத்திவைத்தார். இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: கேரி லாமும் கத்தோலிக்கர்தான். சாட்சி சொல்லப்பட்டது அந்நிய மதத்துக்காரருக்கு அல்ல.

அப்படியானால் அது வழிபாடா, தந்திரமா? பாடியவர்களில் பலருக்கு இரண்டும்தான். சட்டம் "மதத்துக்காக மட்டும்" என்று கேட்டது. மனிதர்களின் நோக்கம் அப்படித் தனித்தனியாகப் பிரிந்து இருப்பதில்லை. நீதி கேட்பதே ஜெபத்தின் பகுதி என்று நினைக்கிற விசுவாசிக்கு அந்த 'மட்டும்' என்ற சொல்லே புரியாத ஒன்று. ஆனால் கடவுளை நம்பாதவர் அதே பாட்டைப் போலீஸுக்கு எதிரான கேடயமாக மட்டும் பாடும்போது, பாட்டின் பொருள் மெல்ல நழுவியது என்பதையும் மறுக்க முடியாது. ஆகஸ்ட் கடைசியில் போராட்டக்காரர்கள் தங்களுக்கென்று மதச் சார்பில்லாத தனிப் பாட்டை உருவாக்கிக்கொண்டார்கள். அல்லேலூயா பாட்டு பின்னுக்குப் போனது.

2020 ஜூன் 30-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. போராட்டக்காரர்களுக்கு உதவிய நிதி அமைப்பு தொடர்பாக, 2022 மே மாதம் 90 வயது கர்தினால் ஜோசப் ஜென் கைது செய்யப்பட்டு ஜாமீனில் விடப்பட்டார். ஜெபக்கூட்டம் என்ற கேடயம் எவ்வளவு மெலிசானது என்று சபைகளுக்குப் புரிந்தது.

அமெரிக்கா, கனடா: மேடை ஏறிய ஆராதனை

இதற்கு நேர் எதிரான கதை ஷான் பாய்ட் என்ற அமெரிக்க ஆராதனைப் பாடகருடையது. 2020 கொரோனா காலம். கலிஃபோர்னியா மாநிலம் ஜூலை 1-ம் தேதி வழிபாட்டுத் தலங்களில் பாடுவதற்குத் தடை போட்டது. கேட்க விநோதமாக இருந்தாலும் காரணம் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் 10-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். 53 பேருக்குத் தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது, 2 பேர் இறந்தார்கள். பாடும்போது மூச்சு தூரம் போகிறது.

பாய்ட் அந்தத் தடையை எதிர்த்து கோல்டன் கேட் பாலத்தில் ஆட்களைக் கூட்டிப் பாடினார். பிறகு அமெரிக்க நகரங்களில் சுற்றிச் சுற்றித் திறந்தவெளி ஆராதனைகள். முகக்கவசம் போடாத கூட்டங்கள் என்று கடும் விமர்சனம் வந்தது. அதே ஆண்டுதான் அவர் குடியரசுக் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டு முதல் கட்டத்திலேயே தோற்றிருந்தார். டிரம்ப் ஆதரவாளர். பாட்டு எங்கே முடிகிறது, பிரசாரம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டவர்களில் கிறிஸ்தவர்களும் ஏராளம். 2021 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சர்ச்சுகளைத் திறக்க வழிவிட்டது. பாடுவதற்கான தடையை மட்டும் அப்போது விட்டுவைத்தது.

2025 ஜூலையில் அவர் கனடா போனார். ஹாலிஃபாக்ஸ் நகரில் தேசியப் பூங்கா நிர்வாகம் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன. மான்ட்ரியலில் அவருக்கு இடம் கொடுத்த சர்ச்சுக்கு 2,500 டாலர் அபராதம். பூங்கா நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று: எதிர்ப்புப் போராட்டம் நடக்கப்போகிறது, அதனால் பாதுகாப்புப் பிரச்சனை. 1882-ல் வெஸ்டன்-சூப்பர்-மேர் மாஜிஸ்திரேட்டுகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

பாய்டின் அரசியல் பலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அவர் பாட்டை மேடையாக்கினார் என்ற விமர்சனத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எதிர்ப்பாளர்கள் வருவார்கள் என்பதால் நிகழ்ச்சி ரத்து என்ற வழி திறந்துவிட்டால், நாளை டெல்லியிலோ பெரம்பலூரிலோ அதே வழியை யாரும் பயன்படுத்தலாம். கத்துகிறவன் கையில் சாவியைக் கொடுப்பது போன்றது அது.

பாடாமல் நின்றதும் சாட்சிதான்

பாட்டும் சாட்சியும் என்று பேசும்போது கேரளத்து மூன்று பிள்ளைகளை விட முடியாது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த அவர்கள் பள்ளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. கடவுளைத் தவிர வேறு எதற்கும் இப்படிப் பாடுவது தங்கள் நம்பிக்கைக்கு விரோதம் என்றார்கள். 1985-ல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பேச்சுரிமையில் மௌனமாக இருக்கும் உரிமையும் உண்டு என்றது.

தெருவில் பாட உரிமை கேட்கும் குழுக்கள் இந்த வழக்கை அவ்வளவாகப் பேசுவதில்லை. பேச வேண்டும். ஒருவரைப் பாட விடுவதும், இன்னொருவரைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாததும் ஒரே உரிமையின் இரண்டு பக்கம்.

கேரல் குழு என்ன செய்ய வேண்டும்?

நடைமுறைக்கு வருவோம். டிசம்பரில் ரவுண்ட்ஸ் கிளம்பும் சபைகளுக்கும், வாசலில் சத்தம் கேட்டு எரிச்சலாகும் அக்கம்பக்கத்தாருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

சபையார் வீடுகளுக்கு நடந்து போய்ப் பாடுவதும், பெரிய ஊர்வலமும் ஒன்றல்ல. சாலையை அடைத்து ஊர்வலமாகப் போவதாக இருந்தால் போலீஸ் அனுமதி தேவை. சென்னையில் 1888-ம் ஆண்டு நகர போலீஸ் சட்டம் ஊர்வலங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஆணையருக்குத் தருகிறது. பாதை, நேரம், ஆட்கள் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றோடு எழுத்தில் மனு கொடுப்பது நல்லது. மறுத்தாலும் எழுத்தில் காரணம் கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழியாக "வேணாம், போங்க" என்று சொன்னதை நீதிமன்றத்தில் எதிர்ப்பது கஷ்டம்.

ஒலிபெருக்கி வைத்தால் தனி அனுமதி. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இருக்கும் அமைதிப் பகுதியில் இன்னும் குறைவு. வாகனத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு சந்து சந்தாகப் போகும் குழுக்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு வீட்டுக்காரர் "எங்க வீட்டு வாசல்ல வேணாம்" என்றால் அத்தோடு நகர்ந்துவிட வேண்டும். அவர் வாசல், அவர் முடிவு. ஆனால் அவரே தெரு முழுக்க யாரும் பாடக்கூடாது என்று வழிமறித்தால், அது அவர் அதிகாரத்தில் இல்லை. அப்போது போலீஸைக் கூப்பிட வேண்டியது பாடும் குழுதான். கைகலப்பில் இறங்குவது வழக்கையே தலைகீழாக்கிவிடும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது பலருக்கும் தெரியும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு போன்ற விழா நாட்களில் நள்ளிரவு 12 வரை அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு; ஆண்டுக்கு மொத்தம் 15 நாட்களுக்கு மேல் போகக்கூடாது. பலருக்கும் தெரியாதது 2010-ல் வந்த திருத்தம். அதன்படி இரவு 10 மணிக்குப் பிறகு திறந்தவெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவிகளும் கூடாது. டிரம், கிட்டார், கீபோர்டு எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும். விதியில் பெயர் சொல்லித் தடுக்கப்படாமல் மிஞ்சுவது மனிதக் குரல்தான். ராத்திரி பதினொரு மணிக்கும் இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கிற குழு, அந்த நேரத்தில் மெதுவாக, வாய்ப்பாட்டாகத்தான் பாட வேண்டியிருக்கும்.